போல்ட்டுக்குள் ஒடிந்த அலன் கீ நுனி: சைக்கிளைக் கெடுக்காமல் எடுப்பது எப்படி

அலன் கீ (ஆறுபட்டை எல் கீ) ஒடிந்து நுனி போல்ட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டால், முதல் வேலையாக டிரில் மிஷினைத் தூர வையுங்கள். நுனி ஒடிந்ததால் கெட்ட சைக்கிளைவிட, அதைத் துளைபோட்டு எடுக்கப் போய்க் கெட்ட சைக்கிள்தான் பட்டறைக்கு அதிகம் வரும்.

அலன் கீ பதம் போட்ட கருவி எஃகு. ராக்வெல் சி அளவில் (உலோகத்தின் கடினத்தைக் காட்டும் எண்; எண் கூடினால் கடினமும் கூடும்) அதன் கடினம் சுமார் 55 முதல் 60. அது மாட்டியிருக்கும் போல்ட் 8.8 தரம் (போல்ட்டின் பலத்தைக் காட்டும் எண்) என்றால் 22 முதல் 32, 12.9 தரம் என்றால் 39 முதல் 44. ஹார்டுவேர் கடையில் வாங்கும் நல்ல ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டிரில் பிட் 62 முதல் 65 வரை. பிட்டுக்கும் நுனிக்கும் இருக்கிற வித்தியாசம் அவ்வளவுதான். கையில் பிடித்துத் துளைபோட்டால் பிட் அந்த நுனியின் மேல் சும்மா சுற்றிச் சூடேறி மழுங்கும். இல்லையென்றால் வழுக்கிக்கொண்டு, பக்கத்தில் எது மெத்தென்று இருக்கிறதோ அதற்குள் இறங்கும். அங்கே மெத்தென்று இருப்பது முதலில் போல்ட், அதற்கடுத்து உங்கள் ஸ்டெம்மின் (ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கும் பாகம்) அலுமினியம்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வர வேண்டியது போல்ட். நுனி அதற்குள்ளேயே இருந்துகொண்டு போல்ட்டோடு சேர்ந்து வந்தாலும் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. போல்ட் சில ரூபாய் சமாச்சாரம். அதனால் நுனியைத் தனியாக எடுக்க அரை மணி நேரம் பாருங்கள். வரவில்லையென்றால் அதை மறந்துவிட்டு போல்ட்டைக் கழற்ற வேறு வழி தேடுங்கள்.

எங்கே ஒடிகிறது, ஏன் ஒடிகிறது

பழைய 22 இஞ்ச் சைக்கிளில் இந்த வம்பு கிடையாது. எல்லாம் நட்டும் ஸ்பேனரும்தான். கியர் சைக்கிள், எம்டிபி (மலைச் சைக்கிள்) வந்த பிறகுதான் அலன் போல்ட் ஊரெங்கும் பரவியது. கடையில் 'எல்என் கீ' என்று கேட்டாலும் 'எல் கீ' என்று கேட்டாலும் எடுத்துத் தருவது இதைத்தான். பாட்டில் ஸ்டாண்டும் ஸ்டெம்மின் முன்தகடும் பெரும்பாலும் எம்5 போல்ட் (5 மி.மீ. தண்டு), 4 மி.மீ. கீ. சீட் கிளாம்ப் எம்5 அல்லது எம்6. டிஸ்க் பிரேக் காலிப்பரைப் பிடிப்பது எம்6, 5 மி.மீ. கீ. டிஸ்க் தகட்டில் இருக்கும் ஆறு சின்ன போல்ட்டுகள் எம்5, நட்சத்திரக் குழி, டி25 பிட்.

செட்டிநாட்டில் நுனி ஒடிவதற்கு முதல் காரணம் செம்மண் புழுதி. காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் ஒரு கோடைகாலம் முழுக்க ஓடிய சைக்கிளில், மேலே பார்த்து இருக்கும் ஒவ்வொரு அலன் குழியும் புழுதி நிரம்பிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நனைந்து, மறுபடி காய்ந்து செங்கல் மாதிரி இறுகிவிடும். குழியின் ஆழம் எம்5-இல் சுமார் 2.5 மி.மீ., எம்6-இல் சுமார் 3 மி.மீ. தான். அதில் பாதியைப் புழுதி பிடித்துக்கொண்டால் கீ ஒரு மி.மீ. அளவுக்குத்தான் உள்ளே போயிருக்கும். முழு முறுக்கும் அந்த ஒரு மி.மீ. நுனியில் விழும். ஒன்று குழி உருண்டையாகும், இல்லை நுனி ஒடியும்.

இரண்டாவது காரணம் உருண்டைத் தலை கீ. சாய்வாகவும் திருப்பலாம் என்று ஆசையாக இருக்கும். ஆனால் உருண்டைக்குக் கீழே கழுத்து மெலிந்திருக்கிறது. இறுகிய போல்ட்டை அதால் தளர்த்தப் போனால் கழுத்தில்தான் ஒடியும். தளர்ந்த போல்ட்டைச் சுற்றி எடுக்க மட்டும் அந்த முனை. முதல் முறுக்குக்கும் கடைசி முறுக்குக்கும் தட்டை முனை.

மூன்றாவது, இரும்பு போல்ட்டும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து இருப்பது. இரண்டு உலோகமும் ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்ய, அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரைக்குள் அடைத்துக்கொள்ளும். (1953 முதல் அரிப்பையும் மின்வேதியியலையும் ஆராய்கிற மத்திய ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. இருந்தும் இந்த ஊரில் ஒருத்தரும் போல்ட்டுக்கு கிரீஸ் வைப்பதில்லை.) கானாடுகாத்தான் விடுதிகளில் விருந்தினருக்குத் தரும் சைக்கிள் போல, ஆளுக்கு ஆள் சீட் உயரத்தை மாற்றுகிற சைக்கிள்களில் இந்தச் சீட் கிளாம்ப் போல்ட்தான் முதலில் போகும்.

நான்காவது காரணம் வெறும் திசைக் குழப்பம். பெடலின் அச்சில் பின்பக்கம் அலன் குழி இருக்கும். இடது பெடல் மரை எதிர்த் திசை. போதாக்குறைக்கு நாம் உள்பக்கத்திலிருந்து பார்க்கிறோம். தளர்த்துகிறோம் என்று நினைத்து இறுக்கிக்கொண்டே போய் 6 மி.மீ. கீயை ஒடிப்பது ரொம்ப சாதாரணம். இடமோ வலமோ, கீயின் மேல்முனை சைக்கிளின் பின்சக்கரப் பக்கம் போனால் பெடல் கழலும்; முன்சக்கரப் பக்கம் போனால் இறுகும்.

முதலில் பாருங்கள்

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பதம் போட்ட எஃகு தெறித்தால் கண்ணைத்தான் தேடும். பழைய டூத்பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்துக் குழியைத் தேய்த்துக் கழுவுங்கள். டிஸ்க் பிரேக் பக்கத்தில் வேலை என்றால் மண்ணெண்ணெயும் வேண்டாம், ஸ்பிரேயும் வேண்டாம். டிஸ்க்கிலோ பேடிலோ ஒரு சொட்டு பட்டால் பிரேக் பிடிக்காது. அங்கே ஊசியால் சுரண்டி ஊதினாலே போதும்.

போன் டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்வாக அடியுங்கள். ஒடிந்த முகம் சாம்பல் நிறத்தில், உடைத்த உப்புக்கல் மாதிரி பொடிப்பொடியாக மின்னும். முறுக்கில் ஒடிந்ததால் அது பெரும்பாலும் சமமாக இருக்காது. ஒரு பக்கம் மேடாக, ஒரு பக்கம் பள்ளமாக, நடுவில் ஒரு சின்னப் படி இருக்கும். அந்தப் படியைக் குறித்துக்கொள்ளுங்கள், நம் பிடிமானம் அதுதான். நுனியின் ஆறு மூலையும் குழிச்சுவரைக் கடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஓரம் ஒட்டியும், மறு ஓரத்தில் மயிரிழை இடுக்கும் தெரியும்.

அந்த இடுக்கைப் பார்த்ததும் ஊசியைச் செருகத் தோன்றும். அவசரப்படாதீர்கள். நுனி எந்தத் திசையில் கடித்துக்கொண்டதோ, இடுக்கில் ஆப்பு வைத்தால் அதே திசையில் இன்னும் இறுகும். முதலில் கடியை விடுவிக்க வேண்டும்.

கடியை விடுவிப்பது

தளர்த்தும்போது ஒடிந்ததா, இறுக்கும்போது ஒடிந்ததா? இதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தளர்த்தும்போது என்றால் நுனி இடப்பக்கம் சுழன்று கடித்திருக்கிறது. அதை வலப்பக்கம் ஒரு மயிரளவு தள்ளினால் விட்டுவிடும். இறுக்கும்போது ஒடிந்திருந்தால் இடப்பக்கம் தள்ள வேண்டும். இந்தத் திசையைத் தப்பாகப் பிடித்து ஒரு மணி நேரம் தட்டுகிறவர்கள் உண்டு.

தட்டுவதற்குச் சாதாரண ஆணி உதவாது, முனை மடங்கிவிடும். சுவரில் அடிக்கும் கான்கிரீட் ஆணி ஒன்றை எடுத்து, கிரைண்டரில் முனையை மெல்லிய உளி மாதிரி தீட்டுங்கள். அகலம் ஒன்றரை மி.மீ. போதும். அந்த உளியை ஒடிந்த முகத்தின் படியில், நடுவில் இல்லாமல் ஓரமாக, 45 டிகிரி சாய்த்து வையுங்கள். சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். ஓங்கி அடிக்கக் கூடாது. தேங்காய்க் கண்ணைத் தட்டிப் பார்க்கிற அளவுக்குத்தான். நான்கைந்து தட்டுக்குப் பிறகு சத்தம் மாறும். இறுகி இருக்கும்போது 'டங்' என்று போல்ட்டோடு சேர்ந்து ஒலித்தது, விட்டதும் 'டிக்' என்று காய்ந்த ஒலியாகும். அத்தோடு நிறுத்துங்கள். இன்னும் தட்டினால் மறுபக்கம் போய்க் கடித்துக்கொள்ளும்.

கார்பன் பிரேம், கார்பன் ஹேண்டில் பார் என்றால் சுத்தியலே வேண்டாம். கீழே வரும் 'போல்ட்டை வேறு வழியில் கழற்றுவது' பகுதிக்குப் போய்விடுங்கள்.

விட்ட நுனியை வெளியே எடுக்க எளிய வழி பூமியின் இழுப்புதான். குழி கீழே பார்க்கும்படி சைக்கிளைப் படுக்க வைத்தோ கவிழ்த்தோ, போல்ட் தலையின் ஓரத்தைத் திருப்புளிக் கைப்பிடியால் தட்டினால் பல சமயம் தானாக விழும். விழாவிட்டால் இப்போது ஊசிக்கு வேலை. தையல் ஊசி ஒடியும், சேப்டி பின் வளையும். கோணி ஊசி நன்றாகத் தாங்கும். பழைய போக்ஸ் கம்பியின் முனையைத் தட்டையாகத் தீட்டினாலும் சரி. இரண்டு ஊசியை எதிரெதிர் இடுக்கில் இறக்கி, ஒன்றை மாற்றி ஒன்றாக நெம்புங்கள். உருண்டைத் தலை நுனி என்றால் இன்னும் சுலபம். அது குழிக்குள் சாயும், உருளும். ஒரு ஓரத்தில் அழுத்தினால் மறு ஓரம் எழும்பும்.

காந்தம் எல்லா இடத்திலும் உதவும் என்று நினைக்க வேண்டாம். போல்ட்டும் இரும்பு என்றால் காந்தம் அதன் தலையைத்தான் பிடித்துக்கொள்ளும். நுனிக்கு இழுப்பே போகாது. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டாக இருந்தால் நிலைமை வேறு. எஸ்எஸ் அநேகமாகக் காந்தத்தில் ஒட்டாது. நுனி மட்டும் ஒட்டும். பழைய ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் காந்தம் நல்ல பலமானது. அது குழிக்குள் நுழையாது என்பதால் ஒரு மெல்லிய ஆணியின் தலையில் காந்தத்தை ஒட்டி, ஆணி முனையை உள்ளே விடுங்கள்.

ஃபெவிக்விக் வைத்து ஒட்டி எடுக்கலாமா என்று கேட்பார்கள். கடி முழுக்க விட்ட நுனியை எடுக்க மட்டும் முடியும். இரண்டு முகமும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்திருக்க வேண்டும், பசையைக் குழிக்குள் ஊற்றாமல் ஆணி முனையில் ஒரு கடுகளவு தொட்டு வைக்க வேண்டும். ஊற்றினால் நுனியும் குழிச்சுவரும் சேர்ந்து ஒட்டி, இருந்த வழியும் அடைபடும்.

போல்ட்டை வேறு வழியில் கழற்றுவது

அரை மணி நேரம் ஆகிவிட்டது, நுனி அசையவில்லை. இனி அதன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நுனி இருப்பது போல்ட்டின் தலையில். இரண்டு பாகத்தையும் இழுத்துப் பிடித்திருப்பது தண்டு. தலையைத் தொடாமலே தண்டைப் பிடிக்கவோ வெட்டவோ முடிகிறதா என்று பாருங்கள். சைக்கிளில் பெரும்பாலான இடங்களில் முடியும்.

பெடல் என்றால் கதை உடனே முடிந்தது. பெடலுக்கும் கிராங்குக்கும் நடுவில் 15 மி.மீ. ஸ்பேனர் பிடிக்கத் தட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒடிந்த நுனியை அப்படியே விட்டுவிட்டு ஸ்பேனரால் கழற்றலாம்.

போல்ட்டின் வால் மறுபக்கம் எட்டிப் பார்க்கிறதா? ஸ்டெம்மிலும் சில சீட் கிளாம்ப்பிலும் இரண்டு மூன்று மரை வெளியே நீட்டியிருக்கும். முதல் நாள் இரவே அங்கே துரு நீக்கும் ஸ்பிரேயோ, மண்ணெண்ணெயும் தையல் மிஷின் எண்ணெயும் கலந்ததோ விட்டு வையுங்கள். மறுநாள் வாலை வைஸ் கிரிப்பால் (கவ்வியதும் பூட்டிக்கொள்ளும் பிளேயர்) கவ்வித் திருப்புங்கள். வால் பக்கமிருந்து பார்க்கும்போது திசை மாறும்: தளர்த்த வலப்பக்கம் சுற்ற வேண்டும்.

தலை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அரம் போதும். எம்6 அலன் போல்ட்டின் உருளைத் தலை 10 மி.மீ. விட்டம், எம்5-க்கு 8.5 மி.மீ. எம்6 தலையில் எதிரெதிராக இரு பக்கமும் ஒரு மி.மீ. ராவினால் 8 மி.மீ. ஸ்பேனர் உட்காரும். எம்5-இல் முக்கால் மி.மீ. வீதம் ராவினால் 7 மி.மீ. ஸ்பேனர். இரண்டிலும் குழியைச் சுற்றி ஒரு மி.மீ.க்கு மேல் சுவர் மிஞ்சும் என்பதால் தலை பிளக்காது. ஸ்பேனர் வாய் சற்று இறுக்கமாகவே நுழைய வேண்டும். தளர்வாக இருந்தால் ராவியதெல்லாம் வீண். பக்கத்துப் பெயின்ட்டில் அரம் படாமல் இருக்க இரண்டு சுற்று டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். வைஸ் கிரிப்பை நேராகத் தலையில் மாட்டியும் திருப்பலாம்தான், ஆனால் வழுக்கினால் தலை உருண்டையாகிவிடும். அதனால் முதலில் அரம், பிறகு வைஸ் கிரிப்.

பாட்டில் ஸ்டாண்டில் ஒரு குறுக்கு வழி உண்டு. மற்ற போல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டாண்டையே பிடித்து இடப்பக்கம் சுற்றினால், தலையின் உராய்வில் போல்ட்டும் சேர்ந்து சுற்றும். பிரேமுக்குள் பதித்திருக்கும் நட்டு சேர்ந்து சுற்றுகிற மாதிரி தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

தண்டை வெட்டுவதுதான் எங்களுக்குப் பிடித்த வழி. சீட் கிளாம்ப்பின் இரண்டு காதுக்கும் நடுவில் இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி இருக்கும், அதற்குள் போல்ட்டின் தண்டு அப்பட்டமாகத் தெரியும். ஹேக்ஸா பிளேடின் கனம் சுமார் 0.6 மி.மீ. ஃபிரேமிலிருந்து பிளேடைக் கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிக் கையில் பிடித்து, இடைவெளிக்குள் நுழைத்துத் தண்டை அறுங்கள். இங்கே பதம் போட்ட நுனி குறுக்கே வராது, வெறும் போல்ட்டின் உலோகம்தான். இஞ்சுக்கு 24 அல்லது 32 பல் உள்ள பைமெட்டல் பிளேடு வாங்குங்கள். 8.8 போல்ட் என்றால் சீக்கிரம் முடியும்; 12.9 என்றால் பொறுமை வேண்டும், அடிக்கடி ஒரு சொட்டு எண்ணெயும் வேண்டும். இழுக்கும் கையில் அழுத்தம், திரும்பும் கையில் அழுத்தம் இல்லை. தண்டுக்குப் பின்னால் பிரேம் குழாய் இருப்பதால், நடுவில் ஒரு பழைய பிளேடு துண்டைச் செருகி வையுங்கள். பதம் போட்ட அதைப் புதுப் பிளேடு தாண்டாது. அறுந்த நொடியில் கிளாம்ப் 'டப்' என்று விரியும், தலைப் பாதி நுனியோடு கையில் வந்துவிடும்.

ஸ்டெம்மின் பின்பக்கக் கிளாம்ப்பிலும் இதே வழிதான். அங்கே உள்ளே இருப்பது போர்க்கின் குழாய், அதில் கீறல் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. தடுப்புத் துண்டு நுழைய இடம் இல்லையென்றால் அறுக்க வேண்டாம். மேலே இருக்கும் டாப் கேப் போல்ட்டையும் தொடாதீர்கள். அது இருக்கும்வரை போர்க் கீழே நழுவாது. முன்தகட்டில் நான்கு போல்ட் இருந்து ஒன்று மட்டும் மாட்டியிருந்தால், மற்ற மூன்றையும் மாற்றி மாற்றி அரைச் சுற்று தளர்த்துங்கள். முழுக்கக் கழற்றினால் தகடு கோணி, மாட்டிய போல்ட்டின் மரை இன்னும் கடிக்கும்.

சூடும் ஒரு கருவிதான். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரிவடையும். கொதிக்கிற தண்ணீரைக் கெட்டிலிலிருந்து ஸ்டெம்மின் மேல் ஒரு நிமிடம் ஊற்றி, உடனே திருப்பிப் பாருங்கள். சித்திரை மத்தியானம் வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டு முயன்றாலும் ஓரளவு பலன் தெரியும். டிஸ்க் போல்ட்டில் நீல நிற மரைப்பசை போட்டிருப்பார்கள். அங்கே சால்டரிங் அயர்ன் முனையைப் போல்ட் தலையில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் பசை இளகும். தீ காட்டுவது வேண்டாம்: பெயின்ட், ரப்பர், ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் எல்லாம் போகும்.

பட்டறைக்குப் போனால்

மேலே சொன்ன எதற்கும் இடம் கொடுக்காத போல்ட், அதாவது தலை பள்ளத்துக்குள் புதைந்து, வாலும் வெளியே தெரியாமல் இருப்பது, வீட்டில் தீராது. முதலில் போக வேண்டிய இடம் நகைப் பட்டறை என்றால் சிரிக்காதீர்கள். பொன் ஆசாரியிடம் தொங்கும் மோட்டாரும் அதில் மாட்டும் டைமண்ட், கார்பைட் பர்களும் (சின்ன அரைக்கும் முனைகள்) இருக்கும். பதம் போட்ட எஃகை உராய்ந்து தேய்க்க அவைதான் சரி. பெரிய டிரில் செய்ய முடியாததை ஒன்றரை மி.மீ. பர் மெதுவாகச் செய்துவிடும். நுனியின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தாலே மூலைகளின் கடி தளர்ந்துவிடும். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். கழற்ற முடிந்த பாகத்தை மட்டும் கொண்டு போங்கள்.

ஆசாரி வீட்டு வித்தை இன்னொன்றும் காதில் விழும்: படிகாரத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் ஒடிந்த இரும்பு கரைந்துவிடும் என்பது. அது உண்மைதான், தங்கத்துக்குள்ளோ பித்தளைக்குள்ளோ ஒடிந்த டிரில் பிட்டை அப்படிக் கரைப்பது உண்டு. அங்கே சுற்றியுள்ள உலோகத்தைப் படிகாரம் தொடாது. இங்கே நுனியும் இரும்பு, போல்ட்டும் இரும்பு. இரண்டும் சேர்ந்து அரிக்கும், வேலை மட்டும் நடக்காது.

வெல்டிங் பட்டறையில் போல்ட் தலையின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியாகப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். நட்டும் நுனியும் தலையும் ஒரே கட்டியாகிவிடும். பிறகு ஸ்பேனரால் திருப்பலாம், சூட்டில் மரையும் இளகியிருக்கும். இரும்பு போல்ட், இரும்பு பிரேம் என்றால் இது நல்ல வழி. அலுமினியத்தில் கை தேர்ந்தவர் மட்டும் செய்ய வேண்டும், கார்பனுக்குக் கிட்டவே கூடாது. வெல்டரிடம் மறக்காமல் ஒன்று சொல்லுங்கள்: "அண்ணே, எர்த் கிளிப்பைப் போல்ட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்க." பின்சக்கரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாக ஓடிக் குண்டுகளில் புள்ளி விழும். துத்தநாகம் பூசிய நட்டு என்றால் முதலில் பூச்சை உரசி எடுக்கச் சொல்லுங்கள், அந்தப் புகை கெடுதல். பேட்டரி சைக்கிள் என்றால் பேட்டரியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ஸ்பார்க் எரோஷன் மிஷின் என்று ஒன்று உண்டு. மின்பொறியால் எந்தக் கடினமான எஃகையும் அரித்துத் துளைபோடும். கோயம்புத்தூர் டை பட்டறைகளில் ஒடிந்த டேப்பை (மரை வெட்டும் கருவி) இதனால்தான் எடுக்கிறார்கள். விலை உயர்ந்த பிரேமில் மாட்டினால் ஒழிய அவ்வளவு தூரம் போவது கட்டுப்படியாகாது.

ஒடிந்த போல்ட்டை எடுக்கும் 'ஈஸி அவுட்' விற்கிறார்களே என்று வாங்கி வராதீர்கள். அதை நுழைக்க முதலில் துளை வேண்டும், துளை போட முடியாததுதான் இங்கே பிரச்சினையே. தவிர அதுவும் கடின எஃகு. அதுவும் ஒடிந்தால் உள்ளே இரண்டு நுனி. நுனி வெளியே வந்து குழி மட்டும் உருண்டையாகிப் போயிருந்தால் வழி வேறு: 4 மி.மீ. குழிக்குள் டி25 பிட், அது தளர்வாக இருந்தால் டி27, 5 மி.மீ. குழிக்குள் டி30. சுத்தியலால் தட்டி இறுக்கமாக இறக்கி, அப்படியே திருப்புங்கள்.

வெளியே வந்த பிறகு

அறுத்த போல்ட்டின் மீதித் தண்டில் இனி இழுவை கிடையாது. பெரும்பாலும் மூக்கு நீண்ட பிளேயரால் பிடித்துச் சுற்றினாலே வரும். பிடிக்க ஏதும் இல்லையென்றால் அதன் முகத்தில் பிளேடால் ஒரு காடி வெட்டி, திருப்புளியால் திருப்புங்கள். பிறகு மரைக்குள் டேப் ஓட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்: எம்5-க்கு 0.8 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை தூரம்), எம்6-க்கு 1 மி.மீ. டேப்பைக் கையால் முதல் இரண்டு சுற்று எளிதாகப் போக வைத்த பிறகுதான் கைப்பிடி மாட்டுங்கள்.

கடையில் புது போல்ட் கேட்கும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள். நீளம் தலைக்குக் கீழிருந்து அளக்கப்படும். இரண்டு மி.மீ. கூடுதலாக இருந்தாலும் அடியில் முட்டி, இறுகியது மாதிரி நடித்து, ஓடும்போது தளரும். ஸ்டெம், பிரேக்குக்கு 8.8 அல்லது அதற்கு மேல். எண் தலையிலேயே பொறித்திருக்கும். பாட்டில் ஸ்டாண்டுக்கு எஸ்எஸ் தாராளமாகப் போடலாம், மழைக்கும் நல்லது. மரையிலும் தலையின் அடியிலும் கிரீஸ். குழிக்குள்ளும் ஒரு பொட்டு கிரீஸை அடைத்து வையுங்கள். புழுதி அதற்கு மேல்தான் படியும், ஊசியால் கிண்டினால் கிரீஸோடு சேர்ந்து வந்துவிடும்.

இறுக்கும் அளவு பெரும்பாலும் பாகத்திலேயே அச்சிட்டிருக்கும். ஸ்டெம் முன்தகடு பொதுவாக 4 முதல் 6 நியூட்டன் மீட்டர், பாட்டில் ஸ்டாண்டு 2 முதல் 3, டிஸ்க் காலிப்பர் 6 முதல் 8. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: 5 நியூட்டன் மீட்டர் என்பது 10 செ.மீ. நீளக் கீயின் முனையில் 5 கிலோ எடை தொங்குகிற இழுப்பு. மளிகைக்கடை அரிசிப் பையைத் தூக்கிப் பழகிய கைக்கு அது எவ்வளவு என்று தெரியும். அதற்குமேல் குழாய் மாட்டி இறுக்க வேண்டாம்.

ஒடிந்த கீயைத் தூக்கி எறியாதீர்கள். முனையைக் கிரைண்டரில் செங்குத்தாகத் தீட்டித் தட்டையாக்கினால் மறுபடி வேலை செய்யும். பழைய உருண்டை முனையைவிட நன்றாகவே செய்யும். சக்கரத்தில் இரண்டு நொடி வைத்தால் உடனே தண்ணீரில் தோய்க்க வேண்டும். முனையில் நீலம் ஓடினால் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நீலப் பகுதி முழுக்கப் போகும்வரை, இந்தத் தடவை நிதானமாக, மறுபடி தீட்டுங்கள்.